முப்பத்தேழு பலூன்கள்

கிருபானந்தத்தின் விரல் நுனிகளில் உணர்ச்சி செத்துப்போன விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது 1999 ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவருக்கு அது பதினாலு மாதம் முன்பே தெரியும். அந்தப் பதினாலு மாதமும் அவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால்தான் இதில் என்ன பெரிய விஷயம் என்று புரியும்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேலூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற ஆஸ்பத்திரி அல்ல. காட்பாடி ரோட்டில் ஆம்பூர் தோல் முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து கட்டிய சின்ன இருதய ஆஸ்பத்திரி. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே கேத் லேபில் நான் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். என் பெயர் கிரேஸி. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேத் லேப் என்பது அடைப்பு எடுக்கும் அறை. தொடையில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரை விடுவார்கள். குழாயின் நுனியில் ஒரு பலூன் சுருண்டு இருக்கும். அடைப்பு உள்ள இடத்தில் அதை ஊதினால் வழி திறக்கும். பலூன் என்றதும் திருவிழா பலூனை நினைக்க வேண்டாம். முழுதாக ஊதினாலும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான்.

ஒரு பலூனை ஒருவருக்குத்தான் போட வேண்டும் என்று உறையில் அச்சடித்திருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வரியை யாரும் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வசதி உள்ளவர்கள் புதுசு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். போட்டு முடிந்ததும் அந்தப் பலூன் எங்களிடம் தங்கிவிடும். அதைக் கழுவி, சோதித்து, வாயுவில் கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைப்போம். வசதி இல்லாதவர்களுக்கு அதிலிருந்து எடுத்துப் போடுவோம். ஒவ்வொரு தடவை போட்டதும் உறையில் ஒரு சிவப்புப் புள்ளி. நாலு புள்ளி விழுந்தால் குப்பைக்குப் போகும். அந்தப் பீரோ இல்லாவிட்டால் ஆலங்காயம், ஒடுகத்தூர் பக்கத்துச் சனங்களில் பாதிப் பேர் மாத்திரையோடு வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள். அதனால் அதை நான் இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன். சரி என்றும் சொல்ல மாட்டேன்.

கழுவுவதும் சோதிப்பதும் கிருபானந்தத்தின் வேலை. அவர் படித்த டெக்னீஷியன் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தரம் பிரிக்கும் ஆளாக இருந்தவர். பதனிட்ட ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, ஒரு தடவு தடவி, முள் கீறியது எங்கே, உண்ணி கடித்தது எங்கே என்று சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துப் போடுவது அந்த வேலை. ஆஸ்பத்திரி திறந்த புதிதில், பலூன்களை யார் சோதிப்பது என்று டாக்டர் தானியேல் கேட்டபோது, முதலாளிகளில் ஒருவர், "நம்ம செலக்‌ஷன் ஆளு ஒருத்தர் இருக்கார் டாக்டர். அவர் விரலுக்கு ஒரு கீறல் தப்பாது" என்றார். தோலைத் தடவத் தெரிந்தவனுக்குப் பலூனையும் தடவத் தெரியும் என்று நம்புவதற்கு எங்கள் ஊர் ஆட்களால்தான் முடியும். ஆனால் டாக்டரும் ஆம்பூர்க்காரர்தான். அவரும் நம்பினார்.

நம்பியது வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிருபானந்தம் பலூனில் லேசாகக் காற்றேற்றித் தண்ணீர்த் தட்டில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். நாங்கள் அவரை 'பஞ்சர் கடை' என்று கூப்பிட்டது அதனால்தான். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கீறல் காட்டிக்கொடுக்காது. கீறிய பலூன் தண்ணீரில் ஒழுங்காக இருந்துவிட்டு, இருதயத்துக்குள் முழு அழுத்தத்தில் ஊதும்போது வெடிக்கும். வெளியிலேயே முழு அழுத்தத்தில் ஊதிப் பார்க்கலாமே என்றால், அப்படி ஊதினால் பலூனின் ஆயுள் அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் கீறலை விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈரம் துடைத்த பலூனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பார். "இது போவும்" அல்லது "இது போவாது." போவும் என்றால் உறையில் 'கி' என்று எழுதி ஒட்டுவார்.

ஆள் பேசமாட்டார். நல்லது கெட்டது எதற்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் ஆசையாக ஒரு கைப்பை வாங்கி வந்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்துத் தோலு சிஸ்டர். ஏமாத்திட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் நான் அவரிடம் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல்.

அவருக்குச் சர்க்கரை பத்து வருடமாக உண்டு. 1998 ஜூனில் ஒரு காலை, சூடான டீ கிளாஸைப் பிடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் விரலில் கொப்புளம் கிளம்பியிருப்பதை அவர் மனைவி ஃபீபிதான் பார்த்திருக்கிறார். ஃபீபி பள்ளிக்கூட டீச்சர். "சுடலையாங்க?" என்று கேட்டிருக்கிறார். சுடவில்லை. அன்று கிருபானந்தம் ஆஸ்பத்திரிக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஞ்சையும் ஒரு காகிதத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாராம். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்ததாம்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"மொத மாசமே சொல்லலாம்னுதான் இருந்தேன் சிஸ்டர்" என்றார். "ரெண்டாவது மாசம் சொன்னா, மொத மாசம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு வுட்டுட்டேன். அப்புறம் மூணாவது மாசம் வந்துடுச்சி."

இப்படித்தான் பதினாலு மாதம் போயிருக்கிறது. அந்தப் பதினாலு மாதமும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், போவும் என்றார், 'கி' எழுதினார். நாங்கள் எடுத்துப் போட்டோம். இரண்டு பலூன் வெடித்தன. ஒரு குடியாத்தம் நெசவாளருக்கு அவசரமாக நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். அதற்கு முந்தின வருடம், விரல் நன்றாக இருந்த காலத்திலும் இரண்டு வெடித்திருக்கின்றன. ஆகையால் எது எதனால் என்று கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. கிருபானந்தம் மட்டும் ஒவ்வொன்றையும் தன் பேரில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகத்தில் தெரியவில்லை.

1999 ஆகஸ்டில் ரிப்பேருக்குப் போன ஈ.சி.ஜி. மெஷின் திரும்பி வந்தது. ஓடுகிறதா என்று பார்க்க யாரையாவது படுக்க வைக்க வேண்டும். சும்மா நின்றவர் அவர்தான். "பஞ்சர் கடை, வந்து படுங்க" என்றேன். தாள் வெளியே வந்ததும் மெஷின் இன்னும் சரியாகவில்லை என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவை எடுத்தேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி வரும். உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும், வெளியே ஒரு வலி தெரியாது.

"வலியே இல்லியே சார்" என்றார் கிருபானந்தம், அது ஏதோ டாக்டர் செய்த தப்பு மாதிரி.

படம் எடுத்துப் பார்த்ததில் முன்பக்கக் குழாயில் பெரிய அடைப்பு. செவ்வாய்க்கிழமை பலூன் போடுவது என்று முடிவானது.

"புதுசு ஒண்ணு போட்டுக்கலாம் கிருபா. ஆபீஸ்ல நான் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"வேணாம் சார். பீரோல இருக்கறதே போதும்."

வேறு என்ன சொல்வார்? ஐந்து வருடமாக எத்தனையோ சம்சாரிகளிடம் "நல்லா பாத்துதான் வச்சிருக்கேன், பயப்படாத" என்று சொன்ன வாய். தனக்கு மட்டும் புதுசு கேட்க அந்த வாய் வரவில்லை. டாக்டருக்கு அதில் சந்தோஷம்கூட. "அப்போ நீங்களே ஒண்ணு செலக்ட் பண்ணுங்க" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பீரோவைத் திறந்து தன் அளவுக்கு உள்ள ஆறு உறைகளை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆறிலும் அவர் கையெழுத்து. எதையும் பிரிக்கவில்லை. உறையோடு எடுத்து எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இருந்தது, போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு புள்ளி விழுந்த ஒரு உறையை எடுத்து என் டிரேயில் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில், மூன்று புள்ளி விழுந்த வேறு அளவு உறை ஒன்று. அது செவ்வாய்க்கிழமை அவருக்கு அடுத்துப் படுக்க வேண்டிய அமிர்தவள்ளிக்கு.

அமிர்தவள்ளி ஒடுகத்தூரிலிருந்து வந்தவள். அம்பது வயதிருக்கும். ரெண்டு ஏக்கர் வேர்க்கடலை நிலம், சம்பந்தம் என்று ஒரு சாதுவான புருஷன். ஏரிக்கரை ஏறினாலே நெஞ்சைப் பிடிக்கும் அவளுக்கு. ஆனால் வாய் ஓயாது. வார்டுக்கு வந்த முதல் நாளே என்னிடம், "இன்னா நர்சம்மா, மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருந்தா வியாதிக்காரன் எப்டி பொழப்பான்?" என்று கேட்டவள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பீரோப் பலூனைப் பற்றி அவள் கேட்டபோது, நல்லா பாத்துதான் வச்சிருக்குது என்று நான்தான் சொன்னேன்.

செவ்வாய் காலை கிருபானந்தம் மேஜையில் படுத்தார். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி உள்ளே போய் அடைப்பைத் தாண்டிவிட்டது. இந்த வேலையில் ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். நான் அவருடைய உறையை எடுத்துப் பிரிக்கப் போனேன்.

"சிஸ்டர், அது வேணாம்."

நான் காதில் வாங்கவில்லை. மறுபடியும் சொன்னார். இந்த முறை கத்தினார். ஐந்து வருடத்தில் அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை.

"அது வேணாம் சார்! அத போடாதீங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பழசு, உங்களுக்கு மட்டும் உயிர் வெல்லமா என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டர் முந்திக்கொண்டார். "ஏன் கிருபா? நீங்க பாத்து வச்சதுதானே?"

"எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல சார். போன வருஷம் ஜூன்லேர்ந்து இல்ல. ஒண்ணுமே தெரியாமதான் எழுதிக்கினு இருந்தேன்."

டாக்டர் தானியேல் நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆபத்துக்கு என்று இரண்டு புதுப் பலூன் தனியாக வைத்திருப்போம். அதில் ஒன்று கிருபானந்தத்தின் அளவு. கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் போட்டு முடித்தார். அடைப்பு அழகாகத் திறந்தது. கையுறையைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பீரோவப் பூட்டுங்க சிஸ்டர். இன்னிக்கி வேற கேஸ் கெடையாது."

வெளியே தள்ளுவண்டியில் அமிர்தவள்ளி பச்சை கவுனோடு படுத்திருந்தாள். காலையிலிருந்து பட்டினி. மிச்சம் இருந்த இன்னொரு புதுப் பலூன் அவள் குழாய்க்கு ரொம்பப் பெரிசு. அவள் அளவு புதுசு மெட்ராஸிலிருந்து வர வேண்டும், ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். பத்து நாள் ஆகும். நான்தான் போய்ச் சொன்னேன். இருந்த கோபத்தில் மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். பலூனைச் சோதிக்கிற ஆளுக்கு விரலில் உணர்ச்சி இல்லையாம், தனக்குப் போடும்போதுதான் கத்திச் சொல்கிறார், அவருக்குப் புதுசு போட்டாயிற்று, அதனால் இன்றைக்கு இல்லை என்று.

"காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குறாம்மா" என்றார் சம்பந்தம். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

கிருபானந்தத்தை வேலையை விட்டு எடுக்கவில்லை. துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மடித்து அடுக்குகிற வேலை. அதற்கு விரல் தேவையில்லை. அவர் இடத்துக்கு செந்தில்குமார் என்று டிப்ளமா படித்த பையன் வந்தான். டாக்டர் அவனிடம் பீரோவில் இருந்த முப்பத்தேழு பலூனையும் கொடுத்து, எல்லாவற்றையும் முழு அழுத்தத்தில் ஊதிப் பார்க்கச் சொன்னார். எப்படியும் எறியப்போவதுதான், நிலவரம் தெரியட்டும் என்று. இரண்டு நாள் உட்கார்ந்து ஊதினான். நானும் கூட இருந்தேன். இரண்டு வெடித்தன. முப்பத்தைந்து ஒரு நிமிடம் முழுசாகத் தாங்கின. கிருபானந்தம் தனக்கென்று எடுத்து வைத்தது வெடித்த இரண்டில் ஒன்று. அமிர்தவள்ளியுடையது தாங்கியது. மூன்று புள்ளி விழுந்த உறை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழுத்தம் காட்டும் முள் முழு அளவான பன்னிரண்டில் நின்றது, அசையவே இல்லை.

துணி ஸ்டோருக்குப் போய் இரண்டையும் அவரிடம் சொன்னேன். தன்னுடையது வெடித்தது என்றபோது மடித்துக்கொண்டே இருந்தார். அமிர்தவள்ளியுடையது தாங்கியது என்றதும், மடித்துக்கொண்டிருந்த விரிப்பைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து மடித்தார்.

பத்து நாளில் புதுப் பலூன் வந்தது. அமிர்தவள்ளிக்கென்று டாக்டர் போராடி வாங்கியது. தபால் கார்டு எழுதினோம், அவள் வரவில்லை. இன்னொரு கார்டு எழுதினோம். செப்டம்பர் கடைசியில் கிருபானந்தம் என்னிடம் வந்து, "நான் போய் கூட்டியாரேன். நீங்களும் வரீங்களா சிஸ்டர்? தனியா போனா ஏடாகூடமா ஆயிடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம்.

ஒடுகத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அணைக்கட்டு ஊர் தாண்டியதும் சொன்னார். "அவங்களுது தாங்கிச்சின்னு சொல்ல வேணாம் சிஸ்டர்."

"ஏன்?"

"அன்னிக்கே போட்டிருக்கலாம்னு ஆயிடும். என்னால திரும்பிப் போனாங்கன்னு ஆயிடும்."

சரி என்றேன். அவருக்காக மட்டும் சரி என்று சொல்லவில்லை. அன்றைக்குக் கோபத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தவள் நான். அது தேவையில்லாமல் போயிற்று என்று என் வாயால் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு காரணத்தோடு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இறங்கினோம்.

அமிர்தவள்ளி களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், மூச்சு வாங்கியது. "நர்சம்மா, இன்னாத்துக்கு இம்மாந்தொலவு?" என்று கேட்டு, சம்பந்தத்தை டீ வாங்கிவர அனுப்பினாள். கிருபானந்தத்தை நிதானமாகப் பார்த்தாள். "இவருதானா அந்த விரல் செத்துப்போனவரு?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

புதுப் பலூன் வந்திருப்பதைச் சொன்னேன். சீல் உடைக்காதது, ஒரு பைசா வேண்டாம், நாளைக்கே வரலாம் என்றேன். அவள் கடலையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"புதுசுன்னு யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"அன்னிக்கும் நீதானே சொன்ன, நல்லா பாத்து வச்சிருக்குதுன்னு."

கிருபானந்தம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. தனக்கு அடைப்பு இருந்தது, பலூன் போட்டார்கள், இதோ பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார். சட்டையைத் தூக்கித் தழும்புகூட இல்லாத நெஞ்சைக் காட்டினார்.

"ஒனக்குப் புதுசு போட்டாங்க சாரு" என்றாள் அமிர்தவள்ளி. கோபமாகச் சொல்லவில்லை. "எனக்குப் பழசத்தான் எடுத்து வச்சிருந்தாங்க. நீயே பாத்து வச்சத நீயே போட்டுக்க மாட்டேன்னு கத்துனியாமே. அத்தக் கேட்ட பின்னால நான் எப்டி வந்து படுப்பேன்?"

"நான் எனக்காகத்தான் கத்தினேம்மா" என்றார் கிருபானந்தம். "உங்களுக்கு வச்சப்ப கத்தல. பயந்துட்டேன்."

"தெரியும் சாரு. அவனவன் உசுரு அவனவனுக்கு. ஒன்ன ஒண்ணும் சொல்லல." கையில் இருந்த கடலையை உடைத்து இரண்டு பருப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "துன்னு. இது நல்லா இருக்குது, நான் கடிச்சிப் பாத்துட்டேன்."

அவள் சிரித்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உன்னுடைய பழசுகூட நன்றாகத்தான் இருந்ததாம், ஊதிப் பார்த்தோம், முள் அசையவில்லை, ஆகையால் பயப்படாதே என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் சம்பந்தம் கொண்டுவந்து கொடுத்த டீ கிளாஸைப் பார்த்தேன். சம்பந்தம், "ரெண்டு மணி பஸ் வுட்டா அஞ்சு மணிக்குத்தான்" என்றார். எழுந்து வந்துவிட்டோம். வழியெல்லாம் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை. வேலூர் வந்ததும் அவர் ஆம்பூர் பஸ்ஸுக்குப் போனார், நான் வீட்டுக்குப் போனேன்.

டிசம்பரில் இன்னொரு கார்டு போட்டோம். அவளுக்கென்று வந்த பலூனை வேறு யாருக்கும் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

2000 பிப்ரவரியில் சம்பந்தம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாலுகா ஆபீஸில் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர், அப்படியே எங்கள் கார்டையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். பொங்கல் கழிந்து எட்டாம் நாள், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. கார்டை வாங்கிக்கொண்டேன். "அந்த சாரு இருக்காரா?" என்று கேட்டார். துணி ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன்.

கிருபானந்தம் எழுந்து நின்றார். சேதியைச் சொன்னேன். கைகள் பக்கத்தில் தொங்க அப்படியே நின்றார். சம்பந்தம் அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சாரு. அன்னிக்கி அந்தப் பழசப் போட்டிருந்தா, அது வெடிச்சிருக்குமா?"

நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கிருபானந்தத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வெடித்திருக்கும் என்று சொல்லுங்கள், இனிமேல் வேறு எதைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று அர்த்தம். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"வெடிச்சிருக்காதுங்க. அப்புறமா ஊதிப் பாத்தோம். தாங்கிச்சி."

"எப்போ பாத்தீங்க?"

"ஆகஸ்ட்லயே. உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

சம்பந்தம் எழுந்திருக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறோமா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"அன்னிக்கே இத்த சொல்லியிருக்கலாமே" என்றார். "வந்திருப்பாளே. பழசு நல்லா இருந்துச்சின்னு சொல்லியிருந்தா, புதுசுக்கு வந்திருப்பாளே அவ."